மெத்தடோன் குடிப்பவர் விடுபட்டவரா?

நியூயார்க்கின் யார்க் அவென்யூவில், ஈஸ்ட் ஆற்றங்கரையை ஒட்டி, ராக்ஃபெல்லர் வளாகம் இருக்கிறது. 1964-இல் அங்கிருந்த சிறிய ஆய்வு மருத்துவமனையில் ஹெராயினுக்கு அடிமையாகிப்போன இரண்டு பேரைச் சேர்த்தார்கள். முதலில் மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்குப் பல ஊசி. போகப் போக அளவும் கூடிக்கொண்டே போனது. இருவரும் குளியல் அங்கியைக்கூடக் கழற்றாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்து, அடுத்த ஊசி எப்போது வரும் என்று காத்துக்கிடந்தார்கள். வேறு எந்த வேலை கொடுத்தாலும் அசையவில்லை. பிறகு அவர்களை மெத்தடோனுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் மூத்தவர் தூரிகையை எடுத்து வரைய ஆரம்பித்தார். நன்றாகவே வரைந்தார். இளையவர், விட்டுப்போன பள்ளிப் படிப்புக்கு ஈடான தேர்வை எழுத ஏற்பாடு செய்யுங்கள் என்று மருத்துவர்களை நச்சரிக்கத் தொடங்கினார்.

வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர், அவர்களோடு சேர்ந்த இளம் மருத்துவர் மேரி ஜீன் கிரீக் ஆகிய மூவரின் வேலை இது. டோல் வளர்சிதை மாற்ற ஆய்வாளர். அதுவரை உடல் பருமனை ஆராய்ந்துகொண்டிருந்தவர். நைஸ்வாண்டர் மனநல மருத்துவர்; கென்டக்கியின் லெக்சிங்டனில் போதையாளர்களுக்கென்று அரசு நடத்திய, பாதி சிறையும் பாதி மருத்துவமனையுமான இடத்தில் வேலை பார்த்தவர். அங்கே குணமாகி வெளியே போனவர்கள் மறுபடி மறுபடி திரும்பி வந்ததைக் கண்டு சலித்தவர். 22 நோயாளிகளை வைத்து எழுதிய முதல் கட்டுரையை 1965-இல் டோலும் நைஸ்வாண்டரும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். அதே வருடம் திருமணமும் செய்துகொண்டார்கள்.

மெத்தடோனும் ஹெராயினைப் போலவே ஓபியாய்டு வகை மருந்துதான். 1930-களின் கடைசியில் ஜெர்மனியில் உருவான செயற்கை வலி மருந்து. மூளையில் ஹெராயின் போய் ஒட்டும் அதே ஏற்பிகளில்தான் இதுவும் போய் ஒட்டுகிறது. வித்தியாசமெல்லாம் வேகத்தில். ஊசியில் ஏறும் ஹெராயின் சில நொடிகளில் உச்சத்துக்குத் தூக்கி, சில மணி நேரத்தில் கீழே போட்டுவிடும். அதன்பின் மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் வலிக்கும், வயிறு கலங்கும், அடுத்த ஊசிக்கான காசைத் தேடி ஓட வேண்டும். பழரசத்தில் கலந்து குடிக்கும் மெத்தடோன் மெதுவாக ஏறி, ஒரு நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். அளவு சரியாக அமைந்த உடம்பில் கிறக்கம் இல்லை, முறுக்கமும் இல்லை. மேலே ஹெராயின் போட்டாலும் பழைய மாதிரி ஏறாது. ஆனால் மெத்தடோனைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கலகம் செய்யும். அளவு மீறினால் அதுவும் ஆளைக் கொல்லும்.

அப்படியானால் இந்த மனிதர் விடுபட்டவரா, எஜமானை மாற்றிக்கொண்டவரா? அறுபது வருடமாக அமெரிக்காவில் நீதிபதிகளும் பாதிரியார்களும் மேயர்களும் நோயாளிகளின் தாய்மார்களும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. நியூயார்க் மேயர் ரூடி ஜூலியானி 1998-இல் நகர மருத்துவமனைகளின் மெத்தடோன் மையங்களை ஒழித்துக்கட்டப் போவதாக அறிவித்தார். சில மாதங்களில் பின்வாங்கினார். 2017-இல் அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த டாம் பிரைஸ், ஓர் ஓபியாய்டை எடுத்துவிட்டு இன்னோர் ஓபியாய்டை வைப்பதில் பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லை என்ற பொருளில் பேசி, நூற்றுக்கணக்கான நிபுணர்களின் கண்டனக் கடிதத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். 

டோலின் ஆய்வகம் இருந்த அதே வளாகத்தில், அதே ஆண்டுகளில், ஹாரி ஃபிராங்ஃபர்ட் என்ற தத்துவப் பேராசிரியரும் வேலை பார்த்தார். சுதந்திரமான மனம் என்றால் என்ன என்று 1971-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தத்துவ மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதில் வரும் முக்கிய உதாரணங்களே போதை அடிமைகள்தாம். ஒருவன் போதையை விரும்புகிறான். அந்த விருப்பத்தையும் விரும்பி ஏற்கிறான். இன்னொருவனும் போதையை விரும்புகிறான். ஆனால் தனக்கு அந்த விருப்பமே இருக்கக் கூடாது என்று விரும்புகிறான். ஊசி ஏறும்போதெல்லாம் அவன் தன்னிடமே தோற்கிறான். மூன்றாமவனுக்கு இந்த இரண்டாவது அடுக்கே கிடையாது. ஆசை வந்த பக்கம் போகிறவன். மனிதனை மனிதனாக்குவது அந்த இரண்டாவது அடுக்குதான் என்றார் ஃபிராங்ஃபர்ட். எந்த ஆசை தன்னைச் செலுத்த வேண்டும் என்று ஒருவன் விரும்புகிறானோ, அதுவே அவனைச் செலுத்தும்போது அவன் சுதந்திரமானவன்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மெத்தடோன் குடிப்பவர் எதற்கு அடிமை என்ற கேள்வி இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. காலையில் எழுந்ததும் தான் செய்ய நினைத்ததை அவரால் செய்ய முடிகிறதா என்பதே முதல் கேள்வி. டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த மூத்தவருக்கு வரையும் ஆசை மெத்தடோனால் வந்ததல்ல. மெத்தடோனில் அப்படி ஒரு சத்து கிடையாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குறுக்கே வந்த பசியை அது ஒதுக்கிவைத்தது, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அவருடையது.

இந்த இடத்தில் மருத்துவர்கள் வழக்கமாக இன்சுலினைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சர்க்கரை நோயாளி தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாரே, அவரை அடிமை என்கிறோமா என்று கேட்பார்கள். நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான், ஆனாலும் அந்த ஒப்பீடு கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. சர்க்கரை நோய்க்காக யாரும் அம்மாவின் வளையலை அடகு வைத்ததில்லை. போதையிலிருந்து மீளும் மனிதருக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது: பொய், திருட்டு, கைவிட்ட பிள்ளைகள். அதை என்ன செய்வது என்பதுதான் மதங்கள் கேட்கும் கேள்வி. அது நியாயமான கேள்வி.

இதற்கு அமெரிக்கா கண்ட பெரிய பதில் பன்னிரண்டு படிகள். 1935-இல் ஓஹையோ மாநிலத்தின் அக்ரனில் தொடங்கிய குடிநோயாளிகளின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், தன் பலவீனத்தை ஒப்புக்கொண்டு தன்னைவிடப் பெரிய சக்தியிடம் ஒப்படைத்துக்கொள், நீ கெடுத்தவர்களின் பட்டியலை எழுது, முடிந்த இடத்திலெல்லாம் நேரில் போய் ஈடு செய் என்றது. அதன் நிறுவனர்களில் ஒருவரான பில் வில்சன் 1961-இல் உளவியலாளர் கார்ல் யுங்குக்கு எழுதியபோது, குடியின் தாகம் அடியில் ஆன்மாவின் தாகமே என்ற கருத்தில் யுங் பதில் எழுதினார். போதைப்பொருள் உபயோகித்தவர்களுக்காக 1953-இல் கலிபோர்னியாவில் எழுந்த நார்காடிக்ஸ் அனானிமஸ் அதே படிகளை எடுத்துக்கொண்டது. அதன் கூட்டங்களில் சுத்தமாக இருந்த நாள்கணக்குக்குச் சாவிக்கொத்து வில்லைகள் தருவார்கள்: புதிதாக வருபவருக்கு வெள்ளை, முப்பது நாளுக்கு ஆரஞ்சு, அறுபதுக்குப் பச்சை, தொண்ணூறுக்குச் சிவப்பு. கைதட்டல் உண்டு, கட்டியணைப்பு உண்டு.

மெத்தடோன் குடிப்பவர் அந்தக் கூட்டத்துக்கு வரலாம். ஆனால் அவர் சுத்தமானவர் கணக்கில் வரமாட்டார். 1996-இல் அந்த அமைப்பு வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகவே சொன்னது: மாற்று மருந்தில் இருப்பவர்களுக்கும் வரவேற்பு உண்டு, ஆனால் கூட்டத்தில் பேசுவதையும் நடத்துவதையும் குழுக்கள் கட்டுப்படுத்தலாம். பல ஊர்களில் அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

இந்தக் கதையில் பலருக்குத் தெரியாத ஒரு திருப்பம் உண்டு. மெத்தடோன் சிகிச்சையைக் கொண்டுவந்த அதே வின்சென்ட் டோல், குடிநோயாளி அல்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அறங்காவலர் குழுவில் பல வருடம் இருந்தார். அழைப்பு வந்தபோது அவருக்கே தயக்கம் இருந்தது. மருந்தை நம்பும் என்னை ஆன்மிக வழியில் போகிறவர்கள் ஏன் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்தார். பில் வில்சனும் அவரும் நண்பர்களானார்கள். இருவரும் சேர்ந்து கலந்துகொண்ட கடைசி அறங்காவலர் கூட்டத்தில் வில்சன் அவரிடம் ஒன்று கேட்டதாக டோல் பின்னாளில் எழுதினார். எங்கள் கூட்டத்துக்கு வந்துவிட்டுப் பாதியில் போய்விடுகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது; குடிகாரனின் அடக்க முடியாத தவிப்பைத் தணித்து, அவன் எங்களோடு தொடர்ந்து நடக்க வழி செய்யும்படி, மெத்தடோன் மாதிரி ஒரு மருந்தைத் தேடுங்களேன் என்பது அந்த வேண்டுகோளின் சாரம். வில்சன் 1971 ஜனவரியில் இறந்தார்.

ஆன்மிக விழிப்பே மருந்து என்று ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவர் கேட்டது இது. அவர் தன் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. படிகளில் ஏற ஆள் முதலில் உயிரோடு இருக்க வேண்டும், உட்கார்ந்து கேட்கும் நிலையிலும் இருக்க வேண்டும் என்பதைப் பார்த்தார். எட்டாம் படியில் பட்டியல் எழுத வேண்டும், ஒன்பதாம் படியில் ஈடு செய்ய வேண்டும். அடுத்த ஊசிக்கு அலைகிறவனால் அதில் எதைச் செய்ய முடியும்? மெத்தடோன் யாரிடமும் மன்னிப்புக் கேட்காது. அடகுக் கடையிலிருந்து வளையலை மீட்காது. அந்த வேலைக்கு வேண்டிய பகல்பொழுதைக் கொடுக்கும். வில்சனின் வாரிசுகளில் பலர் தங்கள் நிறுவனர் பார்த்த அளவுக்கு இதைப் பார்க்கவில்லை.

மன உறுதியை மட்டும் நம்பும் மார்க்கமும் இருக்கிறது, அதற்கென்று ஒரு கம்பீரமும் இருக்கிறது. தாய்லாந்தின் சாராபுரி மாகாணத்தில் தம் கிராபோக் என்ற பௌத்த மடம் 1950-களின் கடைசியிலிருந்து அபினுக்கும் ஹெராயினுக்கும் அடிமையானவர்களை ஏற்றுவருகிறது. வந்ததும் பிக்கு முன்னால் சபதம் எடுக்க வேண்டும். பிறகு ஐந்து நாள், திறந்தவெளியில் கால்வாய் ஓரம் வரிசையாக மண்டியிட்டு, கசப்பான மூலிகைச் சாற்றைக் குடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் குடித்து வாந்தி எடுக்க வேண்டும். சுற்றி நின்று மற்ற நோயாளிகள் மேளம் தட்டிப் பாடுவார்கள். மடத்தின் தலைவர் சம்ரூன் பான்சந்த் 1975-இல் மகசேசே விருது பெற்றார். அங்கே சிகிச்சை வாழ்நாளில் ஒருமுறைதான். சபதத்தை உடைத்தவருக்கு மறுபடி கதவு திறக்காது. சபதத்துக்கு மதிப்பு வேண்டுமானால் அது அப்படித்தான் இருக்க முடியும் என்பது புரிகிறது. ஆனால் இந்த நோயின் சுபாவமே மறுபடி விழுவது. அப்படி விழுந்தவன் அந்த வாசலைத் தாண்டி எங்கே போவான்?

மலேசியாவில் இதே கேள்வியை வேறு விதமாக அணுகினார்கள். மலாயா பல்கலைக்கழகத்தை ஒட்டிய அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் 2010-இல் மெத்தடோன் கொடுக்க ஆரம்பித்தார்கள். போதை ஹராம் என்பதில் அங்கே யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் உயிர் காக்கும் கட்டாயத் தேவை வந்தால் விலக்கப்பட்டதற்கும் வழி உண்டு என்பது இஸ்லாமியச் சட்ட மரபின் பழைய விதிகளில் ஒன்று. நாளுக்கு ஒருமுறை குடிக்கும் மருந்து என்பதால் ரமலான் நோன்புக்கும் தடையில்லை. சூரியன் மறைந்த பிறகு குடித்துக்கொள்ளலாம். மருந்து ஒரு பக்கம், தொழுகையும் உபதேசமும் இன்னொரு பக்கம். பள்ளிவாசலுக்குள் கால் வைக்கக் கூசி ஒதுங்கியிருந்தவர்களுக்கு, உள்ளே வருவதற்கு அந்த மருந்தே ஒரு காரணமானது.

ரஷ்யா நேர் எதிர். அங்கே மெத்தடோன் சிகிச்சை சட்டவிரோதம். ரஷ்ய ஆர்தடாக்ஸ் திருச்சபையும் மாற்று மருந்தை ஏற்பதில்லை. 2014-இல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது, உக்ரைன் ஆட்சியில் மெத்தடோனும், அதைப் போன்ற இன்னொரு மாற்று மருந்தான பியூப்ரெனார்பினும் வாங்கிக்கொண்டிருந்த சுமார் 800 பேருக்குச் சில வாரங்களில் மருந்து நின்றது. ஒரு வருடத்துக்குள் அவர்களில் 80 முதல் 100 பேர் இறந்திருக்கலாம் என்று ஐ.நா.வின் சிறப்புத் தூதர் மிஷெல் கசாச்கின் கணக்குச் சொன்னார். 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வும் அதையே வேறு எண்களில் சொன்னது: மெத்தடோனில் இருப்பவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 11 மரணம், விட்டவர்களில் 36. தூய்மையை வற்புறுத்துகிறவர்கள் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கும் 25 பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் ஒழுக்கக் காவலர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தெற்கு பிராங்க்ஸின் லிங்கன் மருத்துவமனையில் 1970 நவம்பரில் யங் லார்ட்ஸ் என்ற புவெர்ட்டோ ரிக்க இளைஞர்களும் அவர்களோடு நின்ற கறுப்பின, இடதுசாரித் தோழர்களும் ஒரு கட்டடத்துக்குள் புகுந்து தாங்களே போதை மீட்பு மையம் நடத்தத் தொடங்கினார்கள். முதலில் மெத்தடோனைச் சில நாள் மட்டும் கொடுத்துக் குறைத்தார்கள். பிறகு அதையும் விட்டு, காதில் ஊசி குத்தும் சீன வைத்தியத்துக்கு மாறினார்கள். கூடவே அரசியல் வகுப்பும் நடந்தது. 1978-இல் நகர நிர்வாகம் அவர்களை வெளியேற்றியது. அவர்கள் சொன்னதன் சாரம் எளிது: எங்கள் தெருவில் வேலை இல்லை, வீடு இல்லை, அதைச் சரி செய்யாமல் எங்களைச் சாந்தமாக வரிசையில் நிற்க வைக்கும் திரவத்தைக் கொடுக்கிறீர்கள். ஃபிராங்ஃபர்ட்டின் அளவுகோலுக்கு இங்கே கொஞ்சம் திணறல்தான். தன் ஆசைகளோடு சமாதானமாகிவிட்ட மனிதன் தன்னை ஒடுக்குகிறவனோடும் சமாதானமாகிவிட்டால், அவனைச் சுதந்திரமானவன் என்பதா?

அவர்கள் மருந்தின் மேல் வைத்த பழியில் பாதி, மருந்தை நீட்டும் மையத்தின் ஜன்னலின் மேல் வைத்திருக்க வேண்டியது. அமெரிக்காவில் போதை சிகிச்சைக்கான மெத்தடோனை மருந்துக் கடையில் வாங்க முடியாது. 1972-இல் வந்த விதிகளின்படி உரிமம் பெற்ற மையத்துக்குப் பெரும்பாலானவர்கள் தினமும் போய், வரிசையில் நின்று, செவிலியர் கண் முன்னால் குடித்து, விழுங்கியதைக் காட்ட வாயைத் திறந்து பேசிவிட்டு வர வேண்டியிருந்தது. சிறுநீர்ப் பரிசோதனை தனி. விடிகாலைப் பேருந்து தவறினால் வேலை போகும், மருந்து தவறினால் உடம்பு போகும். இப்படி ஆளைக் கட்டிப்போட்டது மில்லிகிராம் அல்ல, அரசாங்க விதி. கோவிட் வந்த 2020 மார்ச்சில், நிலைப்பட்ட நோயாளிகளுக்கு 28 நாள் மருந்து வரை வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். பயந்த மாதிரி எதுவும் ஆகவில்லை. 2024-இல் அந்தத் தளர்வை நிரந்தரமாக்கினார்கள். நோயாளியை நம்பலாம் என்று ஒரு அரசாங்கத்துக்குப் புரிய அரை நூற்றாண்டும் ஒரு கொள்ளைநோயும் தேவைப்பட்டன.

டோல் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே ஏற்கவும் வேண்டியதில்லை. ஓபியாய்டு உடம்பின் வேதியியலை நிரந்தரமாக மாற்றிவிடுகிறது, எனவே சிகிச்சையும் பெரும்பாலும் ஆயுளுக்கு என்பது அவர் கட்சி. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் 5 சதவீதம் பேர்தான் மறுபடி அடிமையாகியிருந்தார்கள். இடம் மாறினால், கூட்டம் மாறினால், பலர் மருந்தில்லாமலே எழுந்துவிடுகிறார்கள். அப்படி எழாதவர்களுக்காகத்தான் மெத்தடோன். யார் எந்த வகை என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை.

ஒன்றைச் சார்ந்திருப்பவரை விடுபட்டவர் என்பதா என்ற இந்தச் சங்கடம், சைவ சித்தாந்தம் படித்த தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்காது. ஆணவ மலம் அனாதியானது, முத்தியிலும் அது அழிவதில்லை, அதன் சக்தி மட்டும் அடங்குகிறது என்பது மெய்கண்டார் வழிவந்தவர்களின் கொள்கை. முத்தி பெற்ற உயிரும் தனித்து நிற்பதில்லை. திருவருளைச் சார்ந்தே நிற்கிறது. சார்பே இல்லாத நிலைதான் விடுதலை என்று அந்த மரபு ஒருபோதும் சொல்லவில்லை. எதைச் சார்வது என்பதில்தான் அது பந்தத்தையும் வீட்டையும் பிரித்தது. மெத்தடோனைத் திருவருளின் பக்கத்தில் வைத்தால் சைவர்கள் சண்டைக்கு வருவார்கள், வர வேண்டியதுதான். ஆனால் கட்டு வேரோடு போனால்தான் விடுதலை என்ற பிடிவாதம் எல்லா ஆன்மிக மரபுக்கும் பொதுவானதல்ல என்று சொல்ல இந்த உதாரணம் போதும்.

அமெரிக்காவில் அந்தப் பிடிவாதம் தளர்ந்தது தத்துவத்தால் அல்ல, சாவுகளால். மினசோட்டாவின் ஹேசல்டன் 1949-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம். பன்னிரண்டு படிகளின் கோட்டை என்று பெயர் வாங்கியது. ஓபியாய்டுக்கு அடிமையாகி வந்த இளைஞர்கள் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனார்கள். வெளியே போன சிலர் அளவு மீறிய போதையில் இறந்தார்கள். போதையை விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதுதான் காரணம். அப்போது தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த மார்வின் செப்பாலாவே போதையிலிருந்து மீண்டவர். பன்னிரண்டு படிகளில் வளர்ந்தவர். 2012-இல் அவர் தலைமையில் அந்த மையம் பியூப்ரெனார்பினைக் கொண்டுவந்தது. நாவுக்கடியில் வைத்துக் கரைக்கும் மருந்து அது. அமெரிக்கா 2002-இல் இந்த நோய்க்கு அனுமதித்தது. பழைய ஊழியர்களும் அங்கே குணமானவர்களும் துரோகம் என்று கொதித்தார்கள். படிகளை யாரும் எடுத்துவிடவில்லை. மருந்தும் உண்டு, படிக் கூட்டமும் உண்டு, ஈடு செய்ய வேண்டியவர்களின் பட்டியலும் உண்டு.

அங்கிருந்து ஊருக்குப் போய் உள்ளூர் நார்காடிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் உட்காரும் இளைஞருக்கு முப்பது நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது, கடைசி ஹெராயினிலிருந்தா கடைசி மாத்திரையிலிருந்தா என்பதில் இன்னும் ஒருமித்த பதில் இல்லை. ஒரு குழுவில் ஆரஞ்சு வில்லையும் கைதட்டலும் கிடைக்கிறது. பக்கத்து ஊர்க் குழுவில், மாத்திரையை எப்போது நிறுத்தப் போகிறாய் என்று கேட்கிறார்கள்.